ஆடியில் ஒரு கணினி மாற்றம்: பழைய பி350 போர்டு, புதிய ரைசன்

குடியாத்தத்தில் என் அக்கா வீட்டுக்காரர் கல்யாண வீடியோ ஸ்டூடியோ வைத்திருக்கிறார். அவருடைய எடிட்டிங் கணினியை 2018ல் நான்தான் பாகம் பாகமாக வாங்கி அசெம்பிள் செய்து கொடுத்தேன். ரைசன் 5 1600 பிராசசர், பி350 சிப்செட் உள்ள மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்4 ராம், ஜிடிஎக்ஸ் 1060 கிராபிக்ஸ் கார்டு, விண்டோஸுக்கு 240 ஜிபி எஸ்எஸ்டி, வீடியோவுக்கு 2 டிபி ஹார்டு டிஸ்க். பகலில் முகூர்த்தமும் ரிசப்ஷனும் அதில் எடிட் ஆகும். இரவு மாமா கடையைச் சாத்தியதும் மருமகன் கேம் ஆட உட்கார்ந்துவிடுவான். ஏழு வருடமாக இரண்டு பேருக்கும் உழைத்த மிஷின்.

2025 கோடையில் இருவரும் சேர்ந்து புகார் சொன்னார்கள். மாமா புதிதாக வாங்கிய கேமராவின் கிளிப்பை டைம்லைனில் போட்டால் படம் உறைந்து உறைந்து நகர்கிறது. மருமகனுக்கோ, புதுக் கேம் சிலது திறக்கவே இல்லை. "மாப்ள, மொத்தமா புதுசுதான் வாங்கணும்னா அதையும் சொல்லிடு. ஆனா ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு மிஷின் ஓடணும்" என்றார் மாமா. ஆடியில் கல்யாணம் கிடையாது. ஸ்டூடியோக்காரர்கள் கணினியைப் பிரித்துப் போட அதைவிட நல்ல மாதம் இல்லை. வேலையை அதற்கே வைத்துக்கொண்டோம்.

கடைக்குப் போகும் முன் ஒரு வேலை பாக்கி இருந்தது. எந்தப் பாகம் திணறுகிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும். அதைப் பார்க்காமல் வாங்கினால், விலை அதிகமான கிராபிக்ஸ் கார்டைப் போட்டபிறகும் டைம்லைன் அதே இடத்தில் நிற்கும். எங்கள் விஷயத்தில் அப்படித்தான் ஆகியிருக்கும்.

எது திணறுகிறது

மாமா பயன்படுத்துவது டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருள். ஒரே முறை காசு கட்டி வாங்கிய ஸ்டூடியோ பதிப்பு. அதில் ஒரு பழைய கல்யாண புராஜெக்டைத் திறந்து, பக்கத்தில் டாஸ்க் மேனேஜரையும் திறந்து வைத்தேன். அதன் பெர்ஃபாமன்ஸ் பக்கத்தில் ஜிபியுவை, அதாவது கிராபிக்ஸ் கார்டைச் சொடுக்கினால் 'வீடியோ டிகோட்' என்று தனியாக ஒரு வரைபடம் வரும். பலர் அதைக் கவனிப்பதே இல்லை. எடிட்டிங் செய்பவர்களுக்கு அந்த இடத்தில்தான் மிக முக்கியமான செய்தி இருக்கிறது.

பழைய கேமரா இரண்டும் தருவது 4கே, 25 பிரேம், எச்.264 (வீடியோவைச் சுருக்கும் முறை), 8 பிட் நிறம், 4:2:0 (நிற விவரத்தைக் குறைத்துப் பதியும் முறை), வினாடிக்கு 100 மெகாபிட். அந்தக் கிளிப் ஓடும்போது வீடியோ டிகோட் கோடு ஏறியது, பிராசசர் பாதிகூட வேலை செய்யவில்லை. அதாவது, சுருக்கிய வீடியோவை விரிக்கும் வேலையை கிராபிக்ஸ் கார்டுக்குள் அதற்கென்றே இருக்கும் சிறு சுற்று பார்த்துக்கொள்கிறது. அடுத்து புதுக் கேமராவின் கிளிப். எச்.265 (இன்னும் இறுக்கிச் சுருக்கும் முறை), 10 பிட், 4:2:2 (நிற விவரம் கூடுதல்). டிகோட் கோடு பூஜ்ஜியத்தில் படுத்துவிட்டது. பிராசசரின் 12 திரெட்டும் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசைகள்) உச்சியில் நின்றன. படம் வினாடிக்கு ஏழெட்டு பிரேம் தாண்டவில்லை.

காரணம் இதுதான். என்விடியா கார்டுகளில் 4:2:2 வீடியோவை விரிக்கும் வன்பொருள் ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் வந்தது. 10 வரிசையிலும் இல்லை, 30லும் இல்லை, 40லும் இல்லை. இன்டெல் பிராசசர்களின் உள்ளமைந்த கிராபிக்ஸ், எச்.265ன் 4:2:2வை 11ஆம் தலைமுறையிலிருந்தே விரிக்கும். அதனால்தான் கல்யாண எடிட்டர்கள் பலர் இன்டெல்லை விட மறுக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எச்.264, எச்.265 கோப்புகளில் எல்லா பிரேமும் முழுப் படமாக இருக்காது. அவ்வப்போது ஒரு முழுப் படம், நடுவில் வருவதெல்லாம் முந்தைய பிந்தைய படங்களிலிருந்து என்ன மாறியது என்ற குறிப்பு மட்டும். நேராக ஓட்டும்போது பிரச்சினை தெரியாது. எடிட்டர் பிளேஹெட்டைப் பின்னால் இழுக்கும்போது, அந்த ஒரு பிரேமைக் காட்ட முந்தைய முழுப் படத்துக்குப் போய் அங்கிருந்து கணக்குப் போட்டுக்கொண்டே வர வேண்டும். தாலி கட்டும் நொடியை மூன்று கேமராவிலும் முன்னும் பின்னும் தேடுகிறவருக்கு இது எவ்வளவு பாரம் என்று நினைத்துப் பாருங்கள்.

ஹார்டு டிஸ்க்கும் திணறியது. மூன்று கேமரா சேர்ந்தாலும் வினாடிக்கு 38 மெகாபைட்தான் தேவை. ஓரளவு நல்ல ஹார்டு டிஸ்க் தொடர்ச்சியாகப் படித்தால் 150 தரும். ஆனால் மூன்று கோப்பும் தட்டில் வெவ்வேறு இடத்தில் இருப்பதால் ஹெட் ஓடி ஓடியே நேரம் போகிறது. ரிசால்வின் தற்காலிகக் கேஷ் கோப்புகளும் அதே டிஸ்க்கில். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம், வேகம் மட்டும் 20 மெகாபைட். ராம் 16 ஜிபியும் நிறைந்து விண்டோஸ், ராமுக்குப் பதிலாக டிஸ்க்கில் வைக்கும் பேஜ் ஃபைலில் எழுதிக்கொண்டிருந்தது.

டிஸ்க்கின் நலம் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் பார்த்தால் அந்த ஹார்டு டிஸ்க் மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை காட்டியது. 'கரன்ட் பெண்டிங் செக்டர்' என்ற வரியில் பூஜ்ஜியம் இல்லை. படிக்க முடியாமல் நிற்கும் இடங்கள் அவை. மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு முதலில் அதிலிருந்த கல்யாணங்களை வெளி டிஸ்க்குக்கு நகலெடுத்தோம். ஒரு குடும்பத்தின் முகூர்த்த வீடியோவை இரண்டாவது முறை எடுக்க முடியாது. இந்தத் தொழிலில் டிஸ்க்கின் நலம் பிராசசர் வேகத்தைவிடப் பெரிய விஷயம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கேம் பக்கம் கதை எளிது. கார்டு 99 சதவீதத்தில், 6 ஜிபி வீடியோ மெமரி நிறைந்து, படம் அவ்வப்போது குத்தி நின்றது. டூம்: தி டார்க் ஏஜஸ் போன்ற 2025 கேம்களுக்கு ரே டிரேசிங் (ஒளியின் பாதையைக் கணக்கிட்டு வரையும்) வன்பொருள் கட்டாயம், ஜிடிஎக்ஸ் வரிசையில் அது கிடையாது. கூடவே விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடியவிருந்தது. விண்டோஸ் 11க்கான மைக்ரோசாஃப்ட்டின் பிராசசர் பட்டியலில் ரைசன் 1000 வரிசை இல்லை. பிராசசரை எப்படியும் மாற்றியே ஆக வேண்டும்.

போர்டை வைத்துக்கொள்வதா

மொத்தமாக மாற்றினால் போர்டு, பிராசசர், டிடிஆர்5 ராம், கார்டு, பவர் சப்ளை எல்லாம் சேர்ந்து லட்சத்தைத் தொட்டிருக்கும். மாமாவால் போட முடிந்தது 65 ஆயிரம். போர்டில் பிராசசர் உட்காரும் ஏஎம்4 சாக்கெட்டின் நல்ல குணம் இங்கே கைகொடுத்தது. 2017ல் வந்த 300 வரிசை சிப்செட்டுகளில் ரைசன் 5000 பிராசசர்கள் ஓட 2022ல் ஏஎம்டி வழி திறந்துவிட்டது. ஆனால் ஒவ்வொரு போர்டுக்கும் அதன் தயாரிப்பாளர் அதற்கான பயாஸ் (போர்டை இயக்கும் அடிப்படை மென்பொருள்) வெளியிட்டிருக்க வேண்டும். போர்டின் மாடல் பெயரோடு, ஓரத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் ரிவிஷன் எண்ணையும் குறித்துக்கொண்டு, தயாரிப்பாளரின் பிராசசர் பட்டியலில் தேடினேன். எங்கள் போர்டுக்கு இருந்தது.

ரைசன் 7 5700எக்ஸ் எடுத்தோம். 8 கோர், 16 திரெட், 65 வாட். மருமகன் 5700எக்ஸ்3டி கேட்டான். கேமுக்கு அதன் 96 எம்பி கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) நிஜமாகவே பெரிய உதவி. ஆனால் அதன் கடிகார வேகம் குறைவு. வீடியோ விரிப்பதிலும் எக்ஸ்போர்ட்டிலும் சாதா 5700எக்ஸ் முந்தும். வாட் கணக்கும் பார்க்க வேண்டியிருந்தது. எங்களுடையது விலை குறைந்த பி350 போர்டு, பிராசசருக்கு மின்சாரம் தரும் விஆர்எம் பகுதியில் ஹீட்சிங்க் சின்னது. 105 வாட் பிராசசரை அதில் போட்டு மூன்று மணி நேரம் எக்ஸ்போர்ட் ஓட்டுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 65 வாட் அதற்குச் சரி.

கார்டு விஷயத்தில்தான் அதிக நேரம் பேசினோம். ஆர்டிஎக்ஸ் 5060 எடுத்தால் 4:2:2 டிகோட் கிடைக்கும். ஆனால் 8 ஜிபி மெமரி. அது எட்டு பிசிஐஇ லேனில் (கார்டுக்கும் போர்டுக்கும் நடுவிலான தரவுப் பாதை) மட்டும் ஓடும் கார்டு, எங்கள் பழைய போர்டிலோ வேகம் குறைந்த பிசிஐஇ 3.0. மெமரி நிறைந்து வழியும்போது அந்தக் குறுகிய பாதை வலிக்கும். 5060 டிஐயின் 16 ஜிபி வடிவம் இரண்டு கவலையையும் பெருமளவு தீர்க்கும், பட்ஜெட்டை உடைத்துவிடும். கடைசியில் ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி. பதினாறு லேன், 170 வாட். மண்டபங்களில் வெளிச்சம் குறைவு, மாமா எல்லா கிளிப்புக்கும் நாய்ஸ் ரிடக்ஷன் (இருட்டில் படத்தில் வரும் புள்ளிகளை நீக்குவது) போடுவார். 4கேயில் அது மெமரியை விழுங்கும். 'ஜிபியு மெமரி நிறைந்துவிட்டது' என்ற செய்தி எக்ஸ்போர்ட் நடுவே வந்தால் அத்தோடு வேலை நின்றது. 12 ஜிபி அதற்காகத்தான். 4:2:2 பிரச்சினையை வேறு வழியில் தீர்க்கலாம் என்று முடிவு செய்தோம், அது பின்னால் வருகிறது.

காட்பாடியில் ரயிலேறி சென்ட்ரலில் இறங்கினால் ரிச்சி தெரு ஆட்டோ தூரம்தான். ரிச்சி தெருவும் ஒட்டியுள்ள நரசிங்கபுரம் தெருவும் சேர்ந்து ஒரே சந்தை. நாலு கடையில் விலை கேட்டுவிட்டுத்தான் வாங்க வேண்டும், ஒரே பொருளுக்கு ஆயிரம் ரூபாய் வித்தியாசம் சாதாரணம். ஜிஎஸ்டி பில்லில் சீரியல் எண் எழுதச் சொல்லி, பெட்டியில் உள்ள எண்ணோடு கடையிலேயே ஒத்துப் பாருங்கள். வாரண்டிக்குப் போகும்போது அந்த எண்தான் பேசும். 3060 போன்ற கார்டுகள் 2021 வாக்கில் கிரிப்டோ மைனிங்குக்கு இரவு பகலாக ஓடியவை. பழையதாக விலை குறைவாகக் கிடைக்கும். தொழிலுக்கு ஓடும் மிஷினில் அதைப் போட எனக்கு மனமில்லை.

பிராசசர் 14,500, கார்டு 24,000, இரண்டு 16 ஜிபி ராம் 6,000, 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி 5,500, 650 வாட் பவர் சப்ளை 5,500, டவர் கூலர் 2,000, இரண்டு ஃபேன் 1,000, யுபிஎஸ் 5,500. அந்த வருடக் கடைசியில் ராம் விலை ஏறிய ஏற்றத்தைப் பார்த்தபோது ஆடியில் வாங்கியது நல்லதாகப் போயிற்று என்று தோன்றியது.

மின்சாரம் முதலில்

புதுப் பாகம் எதையும் தொடும் முன் சுவரிலிருந்து தொடங்கினேன். வெறுங்காலோடு கேபினட்டைத் தொட்டால் சுரீரென்று இருக்கிறது என்று அக்கா வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தது. பவர் சப்ளைக்குள் இருக்கும் ஃபில்டர் கெபாசிட்டர்கள் கசியும் சிறு மின்சாரத்தை எர்த் வயரில் விடும்படிதான் வடிவமைப்பு. எர்த் இல்லையென்றால் கேபினட்டின் தகடு சுமார் 110 வோல்ட்டில் மிதக்கும். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் அதே எண். பிளக் பாயின்ட்டைத் திறந்தால் மூன்றாவது துளைக்கு வயரே இழுக்கவில்லை. எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த் குழியிலிருந்து தனி வயர் இழுத்தோம். அதன்பின் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் 2 வோல்ட்டுக்கும் கீழே. கல்யாண சீசனில் யுஎஸ்பி ஹார்டு டிஸ்க் அடிக்கடி தானாகத் துண்டிக்கப்பட்டுக்கொண்டிருந்ததும் அதோடு நின்றது. எங்கள் ஊர்களில் பழைய கட்டடங்கள் பலவற்றில் இதே நிலைதான். கணினிக்கு 60 ஆயிரம் செலவு செய்பவர்கள் தயவுசெய்து எர்த்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பவர் சப்ளை ஏன் மாற்றினேன் என்றால், பழையது 450 வாட், ஏழு வருடம் மின்வெட்டும் இன்வெர்ட்டர் மாறுதலும் தாங்கியது. கணக்குப்படி 5700எக்ஸ் அதிகபட்சம் 76 வாட், கார்டு 170, மற்றதெல்லாம் 50. மொத்தம் 300. புது 450 வாட் என்றால்கூட ஓடிவிடும். ஆனால் கிராபிக்ஸ் கார்டு கண்சிமிட்டும் நேரத்தில் இதைவிட மேலே பாய்ந்து இறங்கும், வயதான கெபாசிட்டர்கள் அப்போதுதான் தோற்கும். தரமான 650 வாட் போட்டால் அடுத்த கார்டு வரைக்கும் கவலையில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. மாடுலர் (கேபிளைக் கழற்றி மாட்டும் வகை) பவர் சப்ளைகளில் பவர் சப்ளை பக்கத்து சாக்கெட்டின் பின் வரிசைக்குப் பொதுத் தரம் கிடையாது. பழையதின் கேபிளைப் புதியதில் செருகினால் பொருந்தும். ஆனால் 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 12 வோல்ட் வந்து டிஸ்க் எல்லாம் எரியலாம். வேறு பிராண்டு மட்டுமில்லை, ஒரே பிராண்டின் வேறு மாடலானாலும் இதே ஆபத்து. பழைய பவர் சப்ளையோடு அதன் கேபிள்களையும் கழற்றி ஒரே பையில் கட்டி வைத்துவிட்டேன்.

யுபிஎஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் இருந்த 600 விஏ யுபிஎஸ் தரக்கூடியது 360 வாட் அளவு. உள்ளே 300 வாட் என்றால் பவர் சப்ளையின் இழப்போடு சுவரில் 340, மானிட்டர் சேர்ந்தால் 365. கேம் நடுவில் கரண்ட் போனால் யுபிஎஸ்ஸும் சேர்ந்து விழும். அதனால் 1100 விஏ.

பயாஸ், பிறகு பிராசசர்

வரிசை இங்கே மாறக் கூடாது. பழைய பிராசசர் உள்ளே இருக்கும்போதே பயாஸை மேம்படுத்த வேண்டும். 5700எக்ஸைப் பழைய பயாஸில் போட்டால் திரையில் ஒன்றும் வராது. சில போர்டுகளில் 2018 பயாஸிலிருந்து நேராகக் கடைசிக்குத் தாவ முடியாது, நடுவில் ஒரு பயாஸை ஏற்றிவிட்டுத்தான் அடுத்ததை ஏற்ற வேண்டும். தயாரிப்பாளரின் பக்கத்தில் ஒவ்வொரு பதிப்பின் கீழும் அதை எழுதியிருப்பார்கள். எங்களுடையதிலும் அப்படி ஒரு இடைப் பதிப்பு இருந்தது. எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவ், யுபிஎஸ்ஸில் கணினி, பயாஸ் திரைக்குள்ளிருந்தே மேம்படுத்துதல். விண்டோஸுக்குள்ளிருந்து செய்யும் மென்பொருளை நான் நம்புவதில்லை.

கடைசிப் பதிப்பையே எடுத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. ஏஎம்டி பிராசசருக்குள் இருக்கும் டிபிஎம் என்ற பாதுகாப்புப் பகுதி இயங்கும்போது கணினி இடையிடையே ஒரு நொடி திக்கி நிற்கும் கோளாறு சில பயாஸ்களில் இருந்தது. ஏஎம்டி 2022ல் அதை ஒப்புக்கொண்டு பயாஸுக்குத் தான் தரும் அடிப்படைக் குறியீடான ஏஜிஇஎஸ்ஏவின் 1.2.0.7 பதிப்பில் தீர்த்தது. அதற்குப் பிந்தைய பயாஸ்தான் வேண்டும். விண்டோஸ் 11க்கு டிபிஎம் கட்டாயம் என்பதால் அணைத்து வைக்கவும் முடியாது.

அடுத்தது கூலர் கழற்றுதல். ஏஎம்4 பிராசசரின் அடியில் 1,331 பின்கள், அவை பிராசசரிலேயே இருக்கின்றன. ஏழு வருடத்தில் தெர்மல் பேஸ்ட் காய்ந்து கூலரையும் பிராசசரையும் ஒட்டிவிடும். நேராக மேலே இழுத்தால் பூட்டு பூட்டியிருக்கும்போதே பிராசசர் பிய்ந்துகொண்டு வரும். அதனால் பத்து நிமிடம் ஒரு எக்ஸ்போர்ட் ஓட்டி சூடாக்கி, அணைத்து, பிளக்கைக் கழற்றி, உடனே கூலரை மெல்ல இடமும் வலமும் திருகினேன். பிடி விட்டதும் சாய்த்து எடுத்தேன். பழைய பேஸ்ட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்து, முக்கோணக் குறியைப் பார்த்து புதியதை வைத்தால் தன் எடையிலேயே தானாக இறங்கும். அழுத்தவே கூடாது.

5700எக்ஸ் பெட்டியில் கூலர் வராது. பழைய ரைத் ஸ்பயர் கூலர் 65 வாட்டுக்கு ஒருமாதிரி தாங்கும் என்றாலும், வேலூர் மாவட்டத்து வெயிலில் பகலெல்லாம் எக்ஸ்போர்ட் ஓடும் அறைக்கு 120 மிமீ ஃபேன் உள்ள டவர் கூலர் வாங்கினேன். அதை மாட்ட போர்டின் நான்கு திருகுகளை எடுத்ததும் பின்பக்கத் தகடு விழுந்துவிடும். "மாமா, நான் புடிச்சிக்கிறேன்" என்று மருமகன் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டான். அன்றைக்கு முழுக்க அவன் என்னை விட்டு நகரவில்லை, ஒவ்வொரு கனெக்டரும் எதற்கு என்று கேட்டுக்கொண்டே இருந்தான். பேஸ்ட் வைத்ததும் ராம் செருகியதும் அவன்தான்.

ராம் இரண்டும் பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில். பக்கத்துப் பக்கத்தில் போட்டால் ஒற்றைச் சேனலாகி வேகம் பாதியாகும். பயாஸ் மேம்பாட்டில் எல்லா அமைப்பும் அழிந்திருக்கும், ராமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பியை மறுபடி இயக்க வேண்டும். இல்லாவிட்டால் 3200 ராம் அதைவிடக் குறைந்த வேகத்தில்தான் ஓடும். 3060 கார்டு நீளம் 24 செமீ, டிஸ்க் கூண்டை ஒரு தட்டு கீழே இறக்கியதும் உட்கார்ந்தது.

கேபினட்டின் முன்பக்கம் மூடிய கண்ணாடி. பார்க்க அழகு, காற்றுக்கு வழியில்லை. முன்னால் இரண்டு ஃபேன் மாட்டி, கண்ணாடியைக் கழற்றிவிட்டு மெல்லிய வலை போட்டோம். அறை 33 டிகிரி இருக்கும்போது நீண்ட எக்ஸ்போர்ட்டில் கண்ணாடியோடு பிராசசர் 83, வலையோடு 73. இரண்டாயிரம் ரூபாய் கூலரை விட அந்த வலை அதிகம் செய்தது என்பேன்.

விண்டோஸ் 11ஐப் புதிதாக என்விஎம்இயில் நிறுவினோம். நிறுவும்போது மற்ற டிஸ்க்குகளைக் கழற்றி வையுங்கள். இல்லையென்றால் பூட் பகுதியைச் சில நேரம் வேறு டிஸ்க்கில் எழுதிவிடும். பயாஸில் பழைய பூட் முறையான சிஎஸ்எம்மை அணைத்து, டிபிஎம்மும் செக்யூர் பூட்டும் இயக்கினேன். விண்டோஸ் 11ல் வேலரன்ட் ஆட இரண்டும் தேவை என்பதால் மருமகன் அதில் குறியாக இருந்தான். போர்டு மாறாததால் விண்டோஸ் ஆக்டிவேஷன் தானாக வந்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் புது விண்டோஸ் டிஸ்க்கைத் தானே என்கிரிப்ட் செய்துவிடுகிறது. அடுத்த முறை பயாஸ் மாற்றும்போது ரிகவரி கீ கேட்கும். அதைக் காகிதத்தில் எழுதி மாமாவின் பில் ஃபைலில் வைத்தோம்.

4:2:2க்கு வழி

புது கேமராவின் கிளிப்பை இப்போது ஓட்டிப் பார்த்தேன். 8 கோர் இருப்பதால் ஒரு கேமரா ஓடுகிறது, மூன்றை அடுக்கினால் மறுபடி திணறல். எதிர்பார்த்ததுதான். ரிசால்வில் பிராக்ஸி (எடிட்டுக்கு மட்டும் பயன்படும் இலகுவான நகல்) உருவாக்கும்படி அமைத்தோம். பாதி அளவு, டிஎன்எக்ஸ்எச்ஆர் எல்பி. இந்த வகையில் ஒவ்வொரு பிரேமும் முழுப் படம், அதனால் பின்னால் இழுத்தாலும் பிராசசருக்குச் சிரமமில்லை. 1080 அளவில் வினாடிக்கு 36 மெகாபிட் அளவு, ஒரு மணி நேர வீடியோவுக்கு 16 ஜிபி. என்விஎம்இயில் ஒரு கல்யாணத்துக்குத் தாராளமாக இடமிருக்கிறது. எடிட் முழுக்கப் பிராக்ஸியில் நடக்கும், எக்ஸ்போர்ட் செய்யும்போது ரிசால்வ் தானாக அசல் கோப்புக்கு மாறிக்கொள்ளும்.

மாமா முதலில் தயங்கினார். "ஒவ்வொரு தடவையும் இதுக்கு வேற காத்திருக்கணுமா மாப்ள?" மண்டபத்திலிருந்து வந்ததும் கார்டுகளை நகலெடுத்து, பிராக்ஸியை ஓடவிட்டு, சாப்பிடப் போகலாம் என்று சொன்னேன். ஒரு மணி நேர 4:2:2 வீடியோவுக்குப் பழைய பிராசசரில் 1 மணி 40 நிமிடம் ஆனது, 5700எக்ஸில் 50 நிமிடத்துக்குள் முடிகிறது. இப்போது மூன்று கேமராவையும் ஒரே திரையில் ஓடவிட்டு, ஓட ஓடவே கேமரா மாற்றுகிறார். முன்பு அதை அவர் செய்து பார்த்ததே இல்லை. ஒரு கிளிப்பை வெட்டி, அடுத்ததைத் தேடி என்றுதான் போவார். இருபது நிமிட ஹைலைட்டின் எச்.265 எக்ஸ்போர்ட் 31 நிமிடத்திலிருந்து 12க்கு வந்தது, நாய்ஸ் ரிடக்ஷனோடு.

சைபர்பங்க் 2077, 1080 அளவில், பழைய கார்டில் மீடியம் அமைப்பில் 35க்கும் 40க்கும் நடுவே தவித்தது. இப்போது ஹை அமைப்பில் 65ஐ ஒட்டி நிற்கிறது. அதைவிட மருமகனுக்குப் பிடித்தது நடுவில் குத்தி நிற்பது போனதுதான். அதற்குக் கார்டு பாதிக் காரணம், பிராசசரும் எஸ்எஸ்டியும் மீதி.

ரைசன் 1600, பழைய ராம், 1060 மூன்றும் வேலை செய்கின்றன. ஒரு பழைய போர்டு கிடைத்தால் ஆல்பம் டிசைன் செய்யும் தம்பிக்கு ஒரு கணினி ஆகிவிடும். மஞ்சள் காட்டிய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டோம். அதிலிருந்த கல்யாணங்கள் இப்போது இரண்டு தனி டிஸ்க்குகளில் இருக்கின்றன, ஒன்று ஸ்டூடியோவில், இன்னொன்று வீட்டில். மானிட்டர் மட்டும் அதே பழைய 1080 திரை. அதில் முகத்தின் நிறம் கொஞ்சம் சிவந்தே தெரிகிறது என்பதால், தைக்கு முன் நிறத்தைச் சரியாகக் காட்டும் ஒரு ஐபிஎஸ் மானிட்டரும் அதற்கான கேலிப்ரேஷனும் (நிறச் சீரமைப்பு) பார்க்க வேண்டும்.